பென்டிரைவில் வந்த கோப்பு அசல்தானா? ஹேஷ் பார்க்கும் முறை

தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில், கல்லாவுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்து மாதிரி நாலைந்து பென்டிரைவ் தொங்கும். ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் உபுண்டு, இன்னொன்றில் பிரிண்டர் டிரைவர்கள், இ-சேவை மையக்காரர்கள் கேட்கும் கைரேகைக் கருவியின் மென்பொருள். அரூரிலிருந்து வருகிறவர் ஒரு காப்பி எடுத்துப் போவார். அவரிடமிருந்து தீர்த்தமலைப் பக்கம் ஒருவர் வாங்குவார். நாலு கை மாறுவதற்குள் கோப்பின் பெயர் 'ஃபைனல் நியூ 2' என்று ஆகியிருக்கும். உள்ளே இருப்பது எந்தப் பதிப்பு, முழுசாக இருக்கிறதா, வழியில் யாராவது எதையாவது சேர்த்தார்களா என்பதெல்லாம் அந்தப் பெயரைப் பார்த்தால் தெரியாது. கிருஷ்ணகிரி மாம்பழ மண்டியில் பெட்டி மேல் அல்போன்சா என்று எழுதியிருக்கும், திறந்தால் பெங்களூரா இருக்கும். அந்தக் கதைதான்.

அதற்காகக் கை மாறி வருவதையே விட்டுவிடச் சொல்லவில்லை. வத்தல்மலையிலோ அஞ்செட்டிக் காட்டோரத்திலோ உட்கார்ந்து ஒற்றைக் கோட்டு சிக்னலில் 5 ஜிபி கோப்பை இறக்குவதைவிட, டவுனுக்குப் போகும்போது பென்டிரைவில் வாங்கி வருவதுதான் விவரமான வேலை. கோப்பு யார் கையில் வந்தாலும் பரவாயில்லை. அதன் ஹேஷ் எண் (கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட அடையாள எண்) மட்டும் அதைத் தயாரித்தவர்களிடமிருந்து நேராக வரவேண்டும். அது வெறும் 64 எழுத்து, ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிடும்.

கீழே வரும் கட்டளைகளைப் போனில் ஒருவருக்குச் சொல்வதுபோல எழுத்துக் கூட்டித் தந்திருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது எல்லாம் ஆங்கில எழுத்துதான். ஹேஷ் எண்ணில் 0 முதல் 9 வரையான இலக்கங்களும், ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்ற ஆறு எழுத்துகளும் மட்டுமே வரும். வேறு எழுத்து ஏதாவது கண்ணில் பட்டால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வேறு எதையோ.

ஹேஷ் என்ன செய்கிறது

கோப்பின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படித்து, குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு எண்ணாகச் சுருக்கித் தருவதுதான் ஹேஷ். கோப்பு 1 கேபி ஆனாலும் 5 ஜிபி ஆனாலும் எண்ணின் நீளம் மாறாது. கோப்பின் பெயர், தேதி, எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. பெயரை மாற்றினாலும் ஹேஷ் அப்படியேதான் இருக்கும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினால் போதும், எண் தலைகீழாக மாறிவிடும்.

ஒரு தடவை கையால் செய்து பாருங்கள். ஹலோ என்ற சொல்லை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில், ஐந்து எழுத்தாக ஒரு டெக்ஸ்ட் கோப்பில் அடித்து, என்டர் தட்டாமல் சேமியுங்கள். அதன் எஸ்எச்ஏ-256 என்ற வகை ஹேஷ் 2சிஎஃப்24டிபிஏ என்று தொடங்கி 9824 என்று முடியும். லினக்ஸில் அதே சொல்லுக்குப் பின் ஒரே ஒரு என்டர் சேர்த்துச் சேமித்தால் 5891பி5பி5 என்று தொடங்கி பிஈ03 என்று முடியும். இரண்டு எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விண்டோஸ் நோட்பேடில் என்டர் தட்டினால் மூன்றாவதாக ஒரு எண் வரும். விண்டோஸ் வரி முடிவுக்கு ஒன்றல்ல, இரண்டு பைட் எழுதும் என்பதே காரணம். கண்ணுக்கு மூன்று கோப்பும் ஒன்றுதான். 'நான் திறந்து பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது' என்று ஒருவர் சொல்வதற்கும் ஹேஷ் பொருந்துவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

எந்த ஹேஷ் என்று நீளத்தை வைத்தே சொல்லிவிடலாம்

எழுத்துகளை எண்ணுங்கள். 8 என்றால் சிஆர்சி-32, 32 என்றால் எம்டி5, 40 என்றால் எஸ்எச்ஏ-1, 64 என்றால் அநேகமாக எஸ்எச்ஏ-256, 128 என்றால் எஸ்எச்ஏ-512. புதிதாக வருகிறவர்கள் 'ஹேஷ் பொருந்தவில்லை' என்று பதறுவதில் பெரும்பாலானவை, 40 எழுத்து எண்ணை 64 எழுத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் வருபவைதான்.

எஸ்எச்ஏ-256 அல்லது எஸ்எச்ஏ-512 கிடைத்தால் அதைத்தான் பாருங்கள். எம்டி5 1992இல் வந்தது. ஒரே எம்டி5 வரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்கலாம் என்று 2004இல் சீன ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2012இல் பிடிபட்ட ஃபிளேம் என்ற வைரஸ் இந்தப் பலவீனத்தை வைத்துத்தான் மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையெழுத்தைப் போலியாகப் போட்டது. எஸ்எச்ஏ-1க்கு அதே கதி 2017 பிப்ரவரியில் வந்தது. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, ஒரே எஸ்எச்ஏ-1 கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களை வெளியிட்டார்கள்.

இருந்தாலும் எம்டி5 மட்டுமே கொடுத்திருக்கும் பழைய டிரைவர் பக்கங்கள் நிறைய. டவுன்லோடு பாதியில் அறுந்ததா, காப்பி எடுக்கும்போது கெட்டதா என்று பார்க்க அது இன்றைக்கும் போதும். வேண்டுமென்றே ஒருவர் ஏமாற்றப் பார்க்கிறார் என்றால் மட்டும் அதை நம்ப முடியாது.

விண்டோஸில் எடுப்பது

எளிய வழி 7-ஸிப் என்ற கோப்பு சுருக்கும் மென்பொருள். அது நிறுவியிருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'சிஆர்சி எஸ்எச்ஏ' என்ற பட்டியலுக்குள் எஸ்எச்ஏ-256ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்த வேண்டியிருக்கலாம்.

எதையும் நிறுவாமல் பார்க்க பவர்ஷெல் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் பவர்ஷெல் என்று தேடித் திறந்து, 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்று அடியுங்கள். கெட், ஒரு ஹைஃபன், இடைவெளி இல்லாமல் ஃபைல்ஹேஷ். முழுக்க அடிக்காமல் பாதியில் டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். பிறகு ஒரு இடைவெளி விட்டு, கோப்பை மவுஸால் இழுத்து அந்த ஜன்னலுக்குள் போடுங்கள். முழு முகவரியும் தானாக விழும். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறியையும் அதுவே போட்டுக்கொள்ளும். என்டர் தட்டுங்கள். எந்த வகை என்று நீங்கள் சொல்லாவிட்டால் எஸ்எச்ஏ-256தான் வரும்.

அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி மாதிரி விண்டோஸ் 7 ஓடும் கணினிகளில் இந்தக் கட்டளை பெரும்பாலும் இருக்காது. அது பவர்ஷெல் 4இல்தான் வந்தது. அங்கே கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'செர்ட்யூட்டில்' அடியுங்கள். எழுத்து கூட்டினால் சி, ஈ, ஆர், டி, யூ, டி, ஐ, எல். அடுத்து இடைவெளி, ஹைஃபன், ஒட்டியபடி ஹேஷ்ஃபைல். இடைவெளி விட்டுக் கோப்பை இழுத்துப் போடுங்கள். மறுபடி இடைவெளி விட்டுக் கடைசியில் எஸ்எச்ஏ256 என்று பெரிய எழுத்தில் அடியுங்கள். கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் அது எஸ்எச்ஏ-1ஐத் தந்துவிடும். அந்த 40 எழுத்துக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். விண்டோஸ் 7இல் இந்தக் கட்டளை இரண்டிரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளி விட்டுக் காட்டும். ஒப்பிடும் முன் அந்த இடைவெளிகளை நீக்கிவிடுங்கள்.

லினக்ஸ், மேக், போன்

லினக்ஸ் டெர்மினலில் எஸ், எச், ஏ, பிறகு 256, பிறகு எஸ், யூ, எம். எல்லாம் சிறிய எழுத்தில், ஒட்டியபடி. இடைவெளி விட்டுக் கோப்பை இழுத்துப் போட்டு என்டர். 512 வகைக்கு நடுவில் இருக்கும் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; எம்டி5க்கு எஸ்எச்ஏ256 என்ற இடத்தில் எம்டி5 என்று அடியுங்கள். மேக்கில் 'ஷாசம்' (எஸ், எச், ஏ, எஸ், யூ, எம்), இடைவெளி, ஹைஃபன் ஏ, இடைவெளி, 256, இடைவெளி, கோப்பு. ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் செயலி இருந்தால் லினக்ஸ் கட்டளையே வேலை செய்யும்; டவுன்லோடு ஃபோல்டரைப் பார்க்க அதற்கு முதலில் அனுமதி தரவேண்டும்.

5 ஜிபி ஐஎஸ்ஓவை (விண்டோஸ், உபுண்டு மாதிரியானவற்றை நிறுவ உதவும் ஒற்றைக் கோப்பு) பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து படிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். யூஎஸ்பி 2.0 பென்டிரைவிலிருந்து நேராகப் படித்தால் மூன்று நிமிடம்கூட ஆகலாம். அதுவரை திரையில் ஒன்றும் வராது. தொங்கிவிட்டது என்று நினைத்து ஜன்னலை மூடிவிடாதீர்கள்.

ஒப்பிடும்போது கண்ணை நம்பாதீர்கள்

முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து பார்த்து 'சரி' என்று விடுவது எல்லாரும் செய்கிற வேலை. எட்டு எழுத்து என்பது 32 பிட், அதாவது சுமார் 429 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் கோப்பின் வாலில் உபயோகமில்லாத சில பைட்களை மாற்றி மாற்றி முயன்று, அந்த எட்டு எழுத்தை மட்டும் பொருத்திக்கொள்வது இன்றைய கணினிக்கு எட்டக்கூடிய வேலை. 64ஐயும் பொருத்துவது எந்தக் கணினிக்கும் எட்டாது. ஆகவே 64ஐயும் பாருங்கள், ஆனால் கண்ணால் பார்க்காதீர்கள்.

சுலபமான வழி இது. கணினி தந்த ஹேஷைக் காப்பி செய்யுங்கள். தயாரித்தவர்களின் இணையதளத்தில் ஹேஷ் பட்டியல் இருக்கும் பக்கத்தை பிரவுசரில் திறந்து, கன்ட்ரோல்-எஃப் அழுத்தித் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். கண்டுபிடித்தால் அந்த வரியில் எந்தக் கோப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்களிடம் இருப்பது அதுதான். பவர்ஷெல் பெரிய எழுத்தில் தரும், இணையதளத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வித்தியாசம் பொருட்டில்லை, பிரவுசர் தேடலும் அதைக் கண்டுகொள்ளாது. ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ இடைவெளி சேர்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் இதற்கென்றே ஒரு வழி உண்டு. உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளின் தளங்களில் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்திலேயே 'எஸ்எச்ஏ256சம்ஸ்' என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதை இறக்கி ஐஎஸ்ஓ இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்து, மேலே சொன்ன லினக்ஸ் கட்டளைக்குப் பின் இடைவெளி, ஹைஃபன் சி, இடைவெளி, அந்தப் பட்டியல் கோப்பின் பெயர் என்று அடித்தால் கணினியே ஒப்பிட்டு 'ஓகே' அல்லது 'ஃபெயில்டு' என்று சொல்லும். இதில் மூன்று இடங்களில் சறுக்கும். பட்டியலில் உள்ள மற்ற கோப்புகள் உங்களிடம் இல்லாததால் 'நோ சச் ஃபைல்' என்று வரிசையாக வரும். அது பிழை இல்லை, இக்னோர்-மிஸ்ஸிங் என்ற தெரிவைச் சேர்த்தால் அடங்கும். இரண்டாவது, பிரவுசர் கோப்பின் பெயரில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்திருந்தால் பெயர் பொருந்தாமல் கோப்பையே காணவில்லை என்று சொல்லும். பட்டியலில் உள்ளபடி பெயரைத் திருத்துங்கள். மூன்றாவது, பட்டியல் கோப்பை விண்டோஸில் திறந்து சேமித்திருந்தால் வரி முடிவு மாறி, எல்லாமே தவறாகத் தெரியலாம். புதிதாக இறக்குவதுதான் தீர்வு.

பொருந்தவில்லை என்றால்

உடனே ஹேக்கர் என்று முடிவுகட்ட வேண்டாம். பத்தில் ஒன்பது தடவை சாதாரணக் காரணம்தான் இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கோப்பின் அளவு. 5 ஜிபி இருக்கவேண்டியது 3 ஜிபி இருந்தால் டவுன்லோடு அறுந்திருக்கிறது. சில கேபி மட்டும் இருந்தால், கோப்புக்குப் பதில் வைஃபையின் லாகின் பக்கத்தையோ பிழைச் செய்தியையோ சேமித்துவிட்டீர்கள். நோட்பேடில் திறந்தால் தெரியும். எஸ்எச்ஏ-256 எண் ஈ3பி0சி442 என்று தொடங்கினால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை, அது காலிக் கோப்பு. உலகத்தில் எந்த 0 பைட் கோப்புக்கும் அந்த எண்தான். எம்டி5 ஆக இருந்தால் டி41டி8சிடி9 என்றும், எஸ்எச்ஏ-1 ஆக இருந்தால் டிஏ39ஏ3ஈஈ என்றும் தொடங்கும். இந்த மூன்றையும் கடைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது, பதிப்பு. உங்களிடம் இருப்பது போன வருஷத்து வெளியீடு, இணையதளத்தில் இருப்பது இந்த மாத வெளியீடு என்றால் எப்படிப் பொருந்தும்? பழைய வெளியீடுகளின் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். சுருக்கிய கோப்புக்குத் தந்த ஹேஷை, பிரித்தெடுத்த கோப்போடு ஒப்பிடுவதும் அடிக்கடி நடக்கும்.

இதெல்லாம் சரி, இன்னும் பொருந்தவில்லை என்றால் அதே கோப்புக்கு மறுபடி ஒருமுறை ஹேஷ் எடுங்கள். முதல் தடவை ஒரு எண், இரண்டாம் தடவை வேறு எண் என்று வந்தால் கோப்பில் கோளாறு இல்லை, கணினியில்தான். ரேம், கேபிள், யூஎஸ்பி போர்ட், டிஸ்க் ஆகியவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். சர்வீஸ் கடைக்காரர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த பரிசோதனை. காரணமே தெரியாமல் இன்ஸ்டாலேஷன் பாதியில் நிற்கும் கணினிகளில் இதை முதலில் பார்த்தால் அரை நாள் மிச்சம்.

எண் நிலையாக இருக்கிறது, அளவும் பதிப்பும் சரி, ஆனாலும் பொருந்தவில்லை. இப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். அந்தக் கோப்பைத் திறக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு இணைப்பில், தயாரித்தவர்களின் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.

பென்டிரைவ் செய்யும் சேட்டை

எஃப்ஏடி32 வடிவில் உள்ள பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ 5 ஜிபியைத் தாண்டும். எக்ஸ்ஃபேட் வடிவுக்கு ஃபார்மட் செய்துகொண்டால் காப்பி ஆகும்.

பெரிய தொந்தரவு போலிக் கொள்ளளவு. பிளாட்பாரத்தில் 64 ஜிபி என்று விற்பதற்குள் 8 ஜிபி சிப் மட்டும் இருக்கலாம். காப்பி எந்தப் பிழையும் காட்டாமல் முடியும், பெயரும் அளவும் சரியாகத் தெரியும், உள்ளே மட்டும் குப்பை. ஹேஷ் இதைப் பிடித்துவிடும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. காப்பி முடிந்த கையோடு ஹேஷ் எடுத்தால், கணினி பென்டிரைவைத் தொடாமல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதியையே படித்து 'சரி' என்று சொல்லிவிடலாம். 'ஈஜெக்ட்' கொடுத்து, கழற்றி, மறுபடி செருகிய பிறகு எடுங்கள். வேறு கணினியில் செருகி எடுத்தால் இன்னும் நல்லது.

ஐஎஸ்ஓவை பூட் செய்யும் பென்டிரைவாக எழுதிய பிறகு, அந்த பென்டிரைவின் ஹேஷை ஐஎஸ்ஓவின் ஹேஷோடு ஒப்பிட முடியாது. பென்டிரைவ் பெரியது, ஐஎஸ்ஓ சிறியது. அதோடு ரூஃபஸ் போன்ற கருவிகள் ஐஎஸ்ஓவைப் பிரித்து உள்ளே வைப்பதும் உண்டு. எழுதுவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பிய கோப்பு பைட் மாறாமல் வரும், ஹேஷும் மாறாது. படமாக, வீடியோவாக அனுப்பினால் சுருக்கி அனுப்பும், மாறிவிடும். குரூப்பில் டிரைவர் பகிர்கிறவர்கள் கூடவே ஹேஷையும் போடுவதைப் பார்க்கலாம். நல்ல பழக்கம்தான், ஆனால் அதே ஆள் அனுப்பிய ஹேஷ், கோப்பு வழியில் கெடவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. அசல் என்பதற்கு இல்லை.

எண் எங்கிருந்து வந்தது

நிலம் வாங்குகிறவர் விற்பவர் நீட்டும் ஜெராக்ஸை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கமாட்டார். தானே போய் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். ஹேஷும் அப்படியே. கோப்பு தந்தவரே எண்ணையும் தந்தால் அது ஜெராக்ஸ்.

இரண்டு சம்பவங்களை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். 2017 மே 2 முதல் 6 வரை, ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மென்பொருளின் டவுன்லோடு சர்வர்களில் ஒன்றுக்குள் புகுந்தவர்கள் மேக் பதிப்பை வைரஸ் சேர்த்த பிரதியாக மாற்றி வைத்தார்கள். இங்கே கோப்பு ஒரு சர்வரில், ஹேஷ் பட்டியல் வேறு இடத்தில். ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பித்திருப்பார்கள். அதற்கு முந்தின வருஷம், 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பைத் தங்கள் போலி ஐஎஸ்ஓவுக்குத் திருப்பினார்கள். தளமே கைமாறிவிட்டால் அதில் எழுதியிருக்கும் ஹேஷையும் மாற்றிவிடலாமே?

அதற்குத்தான் டிஜிட்டல் கையொப்பம், தயாரித்தவரின் ரகசியச் சாவியால் மட்டுமே போடக்கூடிய முத்திரை. உபுண்டு தளத்தில் ஹேஷ் பட்டியலுக்குப் பக்கத்தில் அதே பெயரில், ஜிபிஜி என்று முடியும் இன்னொரு கோப்பு இருக்கும். டெபியனில் 'சைன்' என்று முடியும். கையொப்பம் சரிபார்க்கும் ஜிபிஜி நிரலில் 'வெரிஃபை' தெரிவு கொடுத்து, கையொப்பக் கோப்பையும் பட்டியலையும் அந்த வரிசையில் தந்தால், பட்டியலில் கையெழுத்திட்ட சாவி எது என்று சொல்லும். முதல் தடவை அந்தச் சாவியை இறக்கிச் சேர்க்கவேண்டும். சாவிக்கும் 40 எழுத்தில் ஒரு ரேகை எண் உண்டு. அதை ஒரே இடத்தில் பார்க்காமல், தளத்தின் உதவிப் பக்கத்திலும் வேறொரு நம்பகமான கணினியிலும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

'குட் சிக்னேச்சர்' என்ற வரிக்குக் கீழேயே 'வார்னிங்' என்று தொடங்கி, இந்தச் சாவிக்கு யாரும் சான்று தரவில்லை என்று வரும். புதியவர்கள் இங்கேதான் பயந்து நிறுத்துவார்கள். அந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று உங்கள் கணினியில் நீங்கள் பதிவு செய்யவில்லை என்பதே அதன் பொருள். ரேகை எண் சரியாக இருந்தால் தொடரலாம். 'பேட் சிக்னேச்சர்' என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

லினக்ஸ் பாக்கேஜ்களில் இது தானாக நடக்கிறது

உபுண்டுவிலும் டெபியனிலும் 'ஏபிடி' என்ற மென்பொருள் நிறுவும் கருவி வழியாக நிறுவும்போது நீங்கள் ஹேஷ் பார்க்கத் தேவையில்லை. 'இன்ரிலீஸ்' என்ற கோப்பில் கையொப்பம் இருக்கும். அதற்குள் பாக்கேஜ் பட்டியல்களின் ஹேஷ் இருக்கும். அந்தப் பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப் கோப்பின் (பாக்கேஜ் கோப்பு) எஸ்எச்ஏ-256 இருக்கும். கையொப்பத்தைச் சரிபார்த்தால் மீதி எல்லாம் சங்கிலியாகச் சரிபார்க்கப்படும். சங்கிலி அறுந்தால் வருவதுதான் 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்'. பெரும்பாலும் மிரர் (பிரதி) சர்வர் பாதி புதுப்பித்த நிலையில் இருக்கும், அல்லது கல்லூரி லேபின் பிராக்ஸி பழைய பிரதியைக் கொடுத்துக்கொண்டிருக்கும். 'ஏபிடி கிளீன்' கொடுத்து, 'வார், லிப், ஏபிடி, லிஸ்ட்ஸ்' ஃபோல்டரில் உள்ளதை அழித்து, மறுபடி 'அப்டேட்' செய்யுங்கள். அடங்காவிட்டால் மிரரை மாற்றுங்கள்.

இந்தச் சங்கிலிக்கு வெளியே, பென்டிரைவில் தனியாக வந்த டெப் கோப்பை நேராக நிறுவினால் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. அங்கே உங்கள் கைதான். 'ஏபிடி-கேஷ் ஷோ' என்று அடித்துப் பாக்கேஜின் பெயரைக் கொடுத்தால், வரும் விவரங்களுக்கு நடுவே எஸ்எச்ஏ256 என்று ஒரு வரி இருக்கும். அதோடு ஒப்பிடுங்கள். பதிப்பு எண் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

பர்கூர், செட்டிக்கரை பொறியியல் கல்லூரிகளில் புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாவாஸ்கிரிப்ட் பாக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் உருவாக்கும் பாக்கேஜ்-லாக் கோப்பில் 'இன்டெக்ரிட்டி' என்று வருவதும் எஸ்எச்ஏ-512தான், ஆனால் பேஸ்64 முறையில் எழுதியது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கூட்டல் குறி எல்லாம் வரும், எழுத்தின் அளவு மாறினால் எண்ணே மாறிவிடும். 128 எழுத்து எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. பைத்தானின் பாக்கேஜ் நிறுவும் கருவியான பிப்பில் தேவைப் பட்டியலிலேயே ஹேஷை எழுதி, 'ரெக்கொயர்-ஹேஷஸ்' தெரிவைப் போட்டுவிட்டால் பொருந்தாத பாக்கேஜை அது நிறுவவே நிறுவாது.

இது என்ன கோப்பு என்றே தெரியாதபோது

பெயர் போய்விட்ட கோப்பை ஹேஷை வைத்து அடையாளம் காணலாம். கோப்புகளில் வைரஸ் உண்டா என்று பார்க்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் 'சர்ச்' பகுதியில் எஸ்எச்ஏ-256ஐ ஒட்டினால், அந்தக் கோப்பை முன்பு யாராவது அங்கே தந்திருந்தால், எந்தெந்தப் பெயரில் வந்தது, முதலில் எப்போது பார்க்கப்பட்டது, யார் கையொப்பம் என்று காட்டும். கோப்பையே ஏற்றாதீர்கள், எண்ணை மட்டும் தேடுங்கள். வாடிக்கையாளரின் ஆவணமோ ஆதார் விவரமோ உள்ளே இருந்தால், ஏற்றிய கோப்பை அத்தளத்தின் கட்டணச் சந்தாதாரர்கள் எடுத்துப் பார்க்க முடியும். தேடலில் ஒன்றும் வரவில்லை என்றால் 'சுத்தம்' என்று அர்த்தம் இல்லை, அந்தத் தளத்துக்கு அதைத் தெரியாது, அவ்வளவுதான்.

ஜாவா ஜார் கோப்புகளை மேவன் சென்ட்ரல் தளத்தில் எஸ்எச்ஏ-1 கொடுத்துத் தேடலாம். பழைய டெபியன் கோப்புகளை டெபியனின் ஸ்னாப்ஷாட் தளம் எஸ்எச்ஏ-1ஐ வைத்தே அடுக்கி வைத்திருக்கிறது. அடையாளம் காண எஸ்எச்ஏ-1 போதும், பாதுகாப்புக்கு அல்ல என்பதை நினைவில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பான ஏபிகே விஷயத்தில் ஒரு குழி உண்டு. சில தளங்களில் செயலிக்குப் பக்கத்தில் தரும் 64 எழுத்து எண், கோப்பின் ஹேஷ் அல்ல, அதில் கையெழுத்திட்ட சான்றிதழின் ஹேஷ். அது பதிப்பு மாறினாலும் மாறாது. கோப்பின் ஹேஷோடு அதை வைத்துப் பார்த்தால் என்றைக்கும் பொருந்தாது. 'ஏபிகேசைனர்' கருவி காட்டும் சான்றிதழ் எண்ணோடுதான் அதை ஒப்பிட வேண்டும்.

ஹேஷ் பொருந்திவிட்டால் மென்பொருள் நல்லது என்றும் ஆகிவிடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் யூட்டில்ஸ் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். அதை உள்ளே வைத்தது, வெளியிடும் உரிமை பெற்ற பராமரிப்பாளரேதான். ஹேஷ் சரி, கையொப்பமும் சரி. தயாரித்தவர் தந்தது இதுதான் என்பதோடு ஹேஷின் வேலை முடிந்துவிடுகிறது.

கடைக்கு ஒரு பதிவேடு

சரிபார்த்த ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள். பெயர், பதிப்பு, அளவு, எஸ்எச்ஏ-256, ஹேஷை எந்தத் தளத்திலிருந்து எடுத்தீர்கள், எந்தத் தேதி. லினக்ஸ் என்றால் ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புக்கும் ஒரே கட்டளையில் பட்டியல் எடுத்து டெக்ஸ்ட் கோப்பில் சேமிக்கலாம், பிறகு ஹைஃபன் சி போட்டு மாதம் ஒருமுறை ஓட்டலாம். வெளியே போய் வந்த பென்டிரைவை அன்றைக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு டிரைவர் கோப்பு மட்டும் 'ஃபெயில்டு' காட்டினால் யாராவது அதன் மேல் வேறொன்றை ஒட்டியிருக்கலாம். எல்லாக் கோப்பும் காட்டினால் பெரும்பாலும் பென்டிரைவே சாகிறது. அந்தப் பட்டியலை பென்டிரைவிலேயே வைக்காதீர்கள். கோப்பை மாற்றுகிறவருக்குப் பட்டியலையும் மாற்றத் தெரியும். கடைக் கணினியில் ஒன்று, ஒரு நோட்டில் அச்செடுத்து ஒட்டிய பிரதி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.